தீவிலிருந்து பார்த்த வீடு

சென்ற வாரம் ஷார்ஜாவில் எங்கள் அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வதனி தன் கைபேசியை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். வதனி எங்கள் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், யாழ்ப்பாணத்துக்காரி. திரையில் சிவப்பு ஓட்டு வீடுகளும் அவற்றுக்குக் கீழே நீலமாக ஒரு கடலும் இருந்தன.

"அண்ணை, பெருநாள் லீவுக்கு நாங்கள் குரோஷியாவுக்குப் போகப் போறம். நீங்கள் முந்தியே போனனீங்களாம், மாலதி அக்கா சொன்னவ. எந்தத் தீவு நல்லம், சொல்லுங்கோ."

மாலதி என் மனைவி. அவளுக்கு ரகசியம் தங்காது. "எல்லாமே நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாதித் தயிர்சாதத்தோடு எழுந்து கை கழுவப் போய்விட்டேன். பாவம் வதனி, மனுஷனுக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பாள். அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கடல் இல்லை. பட்டுக்கோட்டையிலிருந்து தெற்கே போகிற வழியில், ஒரு கிராமத்தில், ஒரு வீட்டின் முகப்பு. குரோஷியாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு 'லீவு' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஊர். "லீவுல போறேன்" என்றால் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். எப்போது, எத்தனை கிலோ கொண்டுபோகிறாய், என் வீட்டுக்கு ஒரு சின்னப் பொட்டலம் எடுத்துப் போவாயா என்றுதான் கேட்பார்கள். அந்தச் சின்னப் பொட்டலத்தில் பால் பவுடரும் தைலமும் பிஸ்தாவும் குளியல் சோப்பும் சேர்ந்து நாலு கிலோ இருக்கும். முதல் பத்து வருடங்களில் நான் ஊருக்குப் போனபோதெல்லாம் என் பெட்டியில் என் சாமான் என்று இருந்தது உள்ளாடைகள் மட்டும்தான். ஊரில் இறங்கியதும் பாதி லீவு பொட்டலம் கொடுக்கப் போவதிலேயே போய்விடும். மீதிப் பாதி கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு. திரும்பி வந்து டியூட்டியில் உட்காரும்போதுதான் ஓய்வு கிடைக்கும்.

வீரமணியும் நானும் அந்த நாட்களில் ஷார்ஜாவில் ரோலா என்ற பகுதியில் ஒரே அறையில் இருந்தோம். ஆறு பேருக்கு ஒரு அறை, மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள். நான் கீழே, அவன் எனக்கு மேலே. ஒரே கம்பெனிதான். நான் அலுவலகத்தில் ஏசி குழாய்களுக்கு வரைபடம் போடுகிறவன். அவன் அந்தக் குழாய்களைச் சைட்டில் தூக்கி மாட்டுகிறவன். நான் காகிதத்தில் தவறாகப் போட்டது அவனுக்கு முதுகு வலியாக வரும். "அண்ணே, உங்க பென்சிலு ரெண்டு இஞ்சு வழுக்கிருச்சு, எனக்கு ரெண்டு நாளு போச்சு" என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் பன்னிரண்டு கிலோமீட்டர். அது ஒன்றே அவனுக்கு நான் அண்ணன் ஆவதற்குப் போதுமானதாக இருந்தது.

அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மத்தி மீன் குழம்பு, ஈரத் துண்டு, யாரோ தலைக்குத் தேய்த்த நல்லெண்ணெய். வெள்ளிக்கிழமைகளில் வீரமணிதான் சமைப்பான். எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை கொடுத்து, அதையும் பாதியில் பிடுங்கிக்கொள்வான். எனக்குக் கல்யாணமாகி, சம்பளம் கூடி, மாலதி விசா எடுத்து வந்த பிறகு அதே ரோலாவில் தனி வீடு பார்த்துக்கொண்டேன். வீரமணி, தொழிலாளர்கள் தங்கும் கம்பெனி கேம்புக்குப் போய்விட்டான். ஆனாலும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வருவான். என் மகள் யாழினிக்கு அவன்தான் 'மாமா'. அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், அவன் தமிழில் பதில் சொல்வான், இருவருக்கும் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

வீடு கட்டுவதைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தது அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில்தான். வரைபடம் நான்தான் போட வேண்டும் என்றான். நான் ஏசி குழாய் வரைகிறவன், வீடு கட்டுகிறவன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் பென்சிலைப் பிடித்தவன் எல்லாம் இன்ஜினியர். எனக்கும் அந்தப் பட்டம் பிடிக்காமல் இல்லை. அலுவலகத்தில் வீணான பெரிய காகிதத்தின் பின்பக்கத்தில், சாப்பாட்டு மேசையில் வைத்து வரைந்தோம். ஒரு கூடம், இரண்டு அறை, சமையற்கட்டு. கடைசியில் அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"முன்னாடி போர்டிகோ வேணும்ணே. ஆனா தூணு வேணாம். இங்க வில்லாவுல எல்லாம் இருக்குல்ல, வெறுமன முன்னாடி நீட்டிக்கிட்டு நிக்கும்ல, அது மாதிரி."

அவன் பத்து வருடமாக ஏசி மாட்டிய பெரிய வீடுகளின் வாசல் அப்படித்தான் இருக்கும். அவன் வேறு எதையும் அங்கிருந்து கேட்கவில்லை. அந்த வாசலை மட்டும் ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டான். நான் சுவரிலிருந்து ஆறடி நீட்டி வரைந்தேன். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. சாதாரணக் கூரைக்குக் கம்பி அடிப்பக்கம் இருக்க வேண்டும். தூண் இல்லாமல் வெளியே நீட்டுகிற கூரைக்குக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கையை நீட்டி ஒரு குடத்தைப் பிடித்துப் பாருங்கள், தோளின் மேல்பக்கம்தானே இழுக்கிறது, அதுதான் கணக்கு. கம்பியை அடியில் வைத்துவிட்டால், காங்கிரீட் இறுகும்வரை கீழே கொடுத்திருக்கும் முட்டுக் கட்டைகளைப் பிரித்ததும் கூரை இறங்கிவிடும். இதை வீரமணிக்கு அவன் கையையே நீட்டச் சொல்லி விளக்கினேன். காகிதத்திலும் 'மேல்கம்பி' என்று சிவப்பு மையால் எழுதினேன்.

வீடு எழும்ப ஆரம்பித்தது. கொத்தனார் வேறு யாருமில்லை, வீரமணியின் மச்சான் பாலு. மனைவி கவிதாவின் ஒரே தம்பி. ஓட்டு வீடுகளும் மாட்டுக் கொட்டகைகளும் கட்டிப் பழகியவன், வரைபடம் பார்த்துக் கட்டிப் பழக்கமில்லை. அக்கா வீட்டுக்கு வேலை என்று கூலியை அரைகுறையாக வாங்கிக்கொண்டு உழைத்தான். வீரமணி மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. அஸ்திவாரம், சுவர், எல்லாம் அவனுக்குப் படமாகத்தான் வந்தது.

இந்த நேரத்தில்தான் மாலதி ஒரு நாள் சொன்னாள். "கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆச்சு. நாம மூணு பேரும் மட்டும் ஒரு இடத்துக்குப் போனதில்ல. ஒரே ஒரு லீவு, யார் வீட்டுக்கும் போகாம." அவள் கூட வேலை பார்க்கும் ஒருத்தி ஏட்ரியாட்டிக் கடல் பக்கம் போய்வந்து படங்கள் காட்டியிருந்தாள். நான் வழக்கம்போல் முதலில் மறுத்து, பிறகு இணையத்தில் படகு நேரங்களைப் பார்த்து, பிறகு அவளைவிட அதிகமாக ஆசைப்பட்டேன். திருச்சியில் தம்பியோடு இருந்த அம்மா அப்பாவிடம் இந்த வருடம் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டோம். எங்கள் ஊர் வீடு பூட்டித்தான் கிடந்தது, அதனால் வந்தோமா இல்லையா என்று அங்கே கேட்க ஆளில்லை.

அலுவலகத்தில் லீவு எழுதிக் கொடுத்தால் செய்தி கேம்புக்குப் போக ஒரு நாள் போதும். வியாழக்கிழமை மாலையே வீரமணி என் மேசை முன்னால் வந்து நின்றான். கையில் பொட்டலம் இல்லை.

"லீவு கெடச்சுருச்சாமேண்ணே. பயப்படாதீங்க, ஒரு கிலோகூடக் குடுத்துவிட மாட்டேன். உங்க கண்ணு மட்டும்தான் வேணும். அடுத்த வாரம் போர்டிகோவுக்குக் கம்பி கட்டுறானுங்க. ஒரு எட்டு போயி மேல ஏறிப் பாத்துட்டு, சரின்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் காங்கிரீட் போடச் சொல்லுவேன்."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். 'நான் ஊருக்குப் போகவில்லை வீரமணி.' ஒரு வரி. அடுத்த கேள்வி 'பின்ன எங்கண்ணே போறீங்க' என்று வரும். மூன்று வருடமாகப் பிள்ளையைப் பார்க்காத மனிதனிடம், தீவு தீவாகச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. "பாப்போம்" என்றேன். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, என் பிளாஸ்க்கிலிருந்து ஒரு டீ ஊற்றிக் குடித்துவிட்டுப் போனான்.

குரோஷியாவில் நாங்கள் போய் இறங்கிய ஸ்பிளிட் என்ற ஊரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ரோமானிய ராஜா ஒருவர் ஓய்வுக் காலத்துக்காகக் கட்டிய அரண்மனை கடலோரத்தில் இருக்கிறது. பார்க்கக் கட்டணம் வாங்கும் அரண்மனை இல்லை அது. உள்ளே ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ராஜாவின் மதில் சுவரில் கயிறு கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். மாலதிக்கு அது ஒன்றுக்காகவே அந்த ஊர் பிடித்துப்போயிற்று. கடற்கரையில் ஈச்ச மரம் மாதிரி மரங்கள், வழவழவென்று தேய்ந்த வெள்ளைக் கல் தரை, பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு காபியை இரண்டு மணி நேரம் குடிக்கிற ஆட்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாள், நாங்கள் படகுக்கு ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் "பொமாலோ, பொமாலோ" என்பாள். மெதுவாக, அவசரமில்லை என்று அர்த்தமாம். பதினைந்து வருடம் 'யல்லா யல்லா' என்று அரபியில் விரட்டுவதைக் கேட்டுத் தேய்ந்த காதுக்கு அந்தச் சொல் எண்ணெய் விட்டது. நானும் இரண்டு நாளில் பொமாலோ ஆகிவிட்டேன். அரைக்கால் சட்டை போட்டேன். அதில் நான் எப்படி இருந்தேன் என்பதை மாலதியிடம் கேட்காதீர்கள்.

ஒரு நாள் பிராச் தீவு, ஒரு நாள் ஹ்வார். கல் வீடுகளின் பால்கனிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். தொழில் புத்தி. ஒவ்வொரு பால்கனிக்கும் அடியில் கல்லிலேயே செதுக்கிய முட்டுகள் இருந்தன. பார்த்தபோது வீரமணியின் போர்டிகோ ஞாபகம் வரத்தான் வந்தது. உடனே அதைத் தள்ளிவிட்டு ஐஸ்கிரீம் வாங்கினேன்.

ஷார்ஜாவிலிருந்து வாட்ஸப்பில் அழைத்துப் பேச முடியாது, அங்கே அதற்குத் தடை. அதனால் எங்கள் ஆட்கள் குரலைப் பதிந்து அனுப்புவார்கள். வீரமணியின் குரல் முதல் நாளே வந்தது. "ஊருக்குப் போய்ச் சேந்தாச்சாண்ணே? வெயில் எப்படி இருக்கு?" அசதியாக இருக்கிறது, இரண்டு நாளில் போகிறேன் என்று பதில் எழுதினேன். இரண்டாவது முறை கேட்டான். கும்பகோணத்தில் ஒரு கல்யாணம், வந்ததும் போகிறேன் என்றேன். அந்தக் கல்யாணத்துக்கு நான் பெண் மாப்பிள்ளை பெயர்கூட யோசித்து வைத்திருந்தேன், அவன் கேட்கவில்லை.

மூன்றாவது முறை அவன் குரல் வந்தபோது நாங்கள் விஸ் தீவுக்குப் போகும் பெரிய படகில் மேல்தட்டில் இருந்தோம். கரையிலிருந்து தூரமான தீவு அது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாழினி ரொட்டியைப் பிய்த்துக் கடற்பறவைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு படமும் வந்தது, பாதி இறங்கி நின்றுவிட்டது.

"அண்ணே, நாளைக்கு மிக்சர் மிஷினு வருது. ஆடி பொறக்குறதுக்குள்ள போட்டுறணும்னு கவிதா சொல்லுது. போட்டோ வந்துச்சு, அதுல கம்பி எல்லாம் கம்பியாத்தான் தெரியுது, எனக்கு என்ன புரியும். இன்னிக்கு ஒரு எட்டு போயிப் பாத்துருங்கண்ணே. மேல்கம்பி இருக்கான்னு மட்டும் பாருங்க."

மாலதிக்கும் கேட்டது. "சொல்லிருங்க" என்றாள். "நாம ஊர்ல இல்லன்னு இப்பவாவது சொல்லிருங்க. அவர் வேற யாரையாச்சும் பாக்கச் சொல்லட்டும்."

"இப்ப சொன்னா, இத்தன நாள் ஏன் சொல்லலன்னு கேப்பான்."

"கேக்கட்டும். ரெண்டு நாள் வருத்தப்படுவார்."

அந்த இரண்டு நாள் வருத்தத்தைத் தாங்க எனக்குத் துணிவில்லை. அந்தப் பாதிப் படத்தையாவது முழுதாக இறக்கிப் பார்த்திருக்கலாம். படகிலிருந்து இறங்கியதும் கரையில் இணையம் நன்றாகவே கிடைத்தது. ஆனால் எனக்குப் பசி. துறைமுகத்துக்குப் பின்னால், காற்றுச் சத்தமும் பறவைச் சத்தமும் இல்லாத ஒரு குறுகிய சந்தாகத் தேடிப் போனேன். தேடிப் போனேன் என்பதைக் கவனியுங்கள். வாய் தவறி வந்த பொய் இல்லை அது. யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். சந்தில் நின்று பதிந்தேன்.

"வீரமணி, காலைலயே போயி மேல ஏறிப் பாத்துட்டேன். விடிகாலைங்கிறதால யாரயும் எழுப்பல. கம்பியெல்லாம் சரியா இருக்கு. மேல்கம்பியும் இருக்கு. காங்கிரீட் போடச் சொல்லிரு."

பத்தொன்பது விநாடி. யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. "அப்பா, வீ ஆர் நாட் இன் இந்தியா" என்றாள். "ஷ்" என்றேன். பிறகு மூன்று பேரும் தணலில் சுட்ட மத்தி மீன் சாப்பிட்டோம். கடலுக்குப் பக்கத்தில், அத்தி மர நிழலில். நன்றாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மத்தியானம் அசந்து தூங்கினேன். இன்று நினைத்தால் அந்தத் தூக்கத்துக்காகத்தான் அதிகம் கூசுகிறது.

திரும்பி வந்து மூன்று வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீரமணி வந்தான். வழக்கமாகக் கறியோ மீனோ வாங்கி வருவான், அன்று வெறுங்கை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தான். அந்த மேசையில்தான் வீடு வரைந்தோம்.

"எறங்கிருச்சுண்ணே. முட்டப் பிரிச்சு ஒரு நாளுகூட நிக்கல. சொவத்தோட பிஞ்சு அப்பிடியே முன்னாடி தொங்கிருச்சு."

"யாருக்கும் எதுவும்..."

"இல்ல. மவன் அதுக்கு முன்னாடிதான் சைக்கிள எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்கான். ஒடச்சுப் பாத்தா மேல ஒத்தக் கம்பி இல்லண்ணே. எல்லாம் அடியில கெடக்கு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். சந்தேகமாகப் பார்க்கவில்லை. சாட்சி சொல்ல வேண்டியவரைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"நீங்க பாத்தப்ப மேல்கம்பி இருந்துச்சுல்லண்ணே?"

சமையலறையில் மாலதி குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீர் ஓடும் சத்தம். அவள் எனக்குக் கொடுத்த அவகாசம் அது என்று நினைக்கிறேன். அவன் மகன் பிழைத்திருக்கிறான், வீடு நிற்கிறது, முன்பக்கம் மட்டும்தான் போயிருக்கிறது, இப்போது உண்மையைச் சொன்னால் அவன் என்னை அடிப்பான், அல்லது அழுவான், அவ்வளவுதான். எல்லாம் எனக்குத் தெரிந்தது.

"இருந்துச்சு" என்றேன்.

அவன் மேசையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். "அப்ப உருவிருக்கான்." எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் பார்த்தபோது கம்பி இருந்தது. உடைத்தபோது இல்லை. நடுவில் அதைக் கழற்றி விற்றவன் ஒருவன் இருக்க வேண்டும். அங்கே இருந்த ஒரே ஆள் பாலு. என் ஒரு சொல் போதும், தெரியாமல் செய்த தவறு திருட்டு ஆகிவிட்டது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

பாலு அனுப்பிய குரலை வீரமணி எனக்குப் போட்டுக் காட்டினான். "மச்சான், சத்தியமா யாரும் வரல. கம்பி களவு போவக் கூடாதுன்னு நாலு நாளு நான் அங்கதான் படுத்துக் கெடந்தேன். நான் எப்பயும் கட்டுற மாதிரிதான் கட்டுனேன், அது தப்புன்னா அடிங்க. எவனாச்சும் வந்து பாத்துச் சொல்லியிருந்தா மாத்திக் கட்டியிருப்பேன்ல. வேணும்னா மாரியம்மன் கோயில்ல சூடத்த அணச்சு சத்தியம் பண்றேன்."

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவனுக்குத் தெரிந்த உண்மை எனக்கும் தெரியும். வீரமணிக்கு மட்டும் தெரியாது. பாலு சொன்னபடியே கோயிலில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியமும் செய்தானாம். வீரமணி அதற்கும் மசியவில்லை. என் பத்தொன்பது விநாடிக் குரலைக் கவிதாவின் கைபேசிக்கு அனுப்பி, சொந்தபந்தம் கூடிய கூட்டத்தில் சத்தமாகப் போடச் சொன்னான். இன்ஜினியர் அண்ணன் பொய் சொல்வாரா என்று கேட்டானாம். யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. கம்பித் திருடன் என்று பெயர் எடுத்த கொத்தனாருக்கு அந்தச் சுற்று வட்டாரத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? பாலு கேரளப் பக்கம் போய்விட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

அடுத்த கோடையில் உண்மையாகவே ஊருக்குப் போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், வீரமணி விடவில்லை. வீடு நன்றாக இருந்தது. முகப்பில் மட்டும், கதவுக்கு மேலே, அறுத்து விட்ட கம்பிகளின் நுனிகள் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நின்றன. கவிதா காபி கொடுத்தாள்.

"அன்னிக்கு வந்தப்ப ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லண்ணே. நான் அஞ்சு மணிக்கே வாசத் தெளிக்க எந்திரிச்சுட்டேன். யாரும் வந்த மாதிரி தெரியலயேன்னு எனக்கே தோணுச்சு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆனா உங்களப் போயி எப்பிடித் தப்பா நெனக்கிறது. அதான் தம்பிய நெனச்சுட்டேன்."

காபி நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி தெரியவில்லை. அங்கேயும் சொல்லவில்லை. அவள் பிறந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது என்பது பேச்சோடு பேச்சாகத் தெரிந்தது.

வீரமணி இன்னொரு ஒப்பந்தம் போட்டான், பிறகு இன்னொன்று. போன வருடம்தான் ஒரேயடியாக முடித்துக்கொண்டு கிளம்பினான். ஷார்ஜா விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுவிட்டேன். கயிறு போட்டுக் கட்டிய இரண்டு அட்டைப் பெட்டிகளை எடைமேடையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். இவன் போய்விட்டால் இனி சொல்லவே முடியாது என்று பயம் வந்தது. ஏழு வருடமாக வராத சொல் அந்தக் கூட்டத்தில், யாரோ ஒருவரின் தள்ளுவண்டி முழங்காலில் இடிக்க, வந்தது.

"வீரமணி, நான் அன்னிக்குப் போகவே இல்ல. நான் ஊர்லயே இல்ல, வேற நாட்டுல இருந்தேன். கம்பியப் பாக்கல. பாலு சொன்னதுதான் நெசம்."

அவன் பெட்டியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். என்னையே பார்த்தான். நான் அடிக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"கவிதா ஏதும் பேசுச்சாண்ணே உங்கட்ட? நானும் அவனும் சேரணும்னுட்டு, செய்யாத தப்ப நீங்க ஏத்துக்கிறீங்க பாருங்க. வேணாம்ணே. அவனுக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்."

என் சட்டைப் பையில் கைபேசி இருந்தது. மாலதி எடுத்த படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அரைக்கால் சட்டையில் நான், பின்னால் படகு, ஓரத்தில் தேதி. எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்காது. அவன் பிடித்திருந்த கைகளை நான் விடுவித்துக்கொள்ளவில்லை. சொல்லியாகிவிட்டது, இனி நம்பாதது அவன் பாடு என்று மனசின் ஒரு மூலையில் நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதியை நான் மன்னிக்க மாட்டேன். அவன் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான், இரண்டு முறை திரும்பிப் பார்த்துக் கையசைத்தான்.

அவன் போய் நாலு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. நடுவில் ஒரு லீவில் போயிருந்தபோது உண்டாகிப் பிறந்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து. வீட்டு வாசலில்தான் விழா. கதவுக்கு மேலே சுவரைப் பூசி, வெள்ளை அடித்து, மழமழவென்று ஆக்கியிருந்தார்கள். அங்கே ஒரு காலத்தில் கூரை நீட்டிக்கொண்டிருந்தது என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது. காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். கவிதாவுக்குக் கூடப் பிறந்தவன் பாலு ஒருவன்தான். படத்தில் குழந்தை ஒரு வயதானவர் மடியில் வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.

படத்துக்குக் கீழே வீரமணியின் குரல் வந்தது. "அண்ணே, நீங்க இங்க இருந்திருந்தா உங்க மடியிலதான் ஒக்கார வச்சிருப்போம்."

அதற்கு நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன்.